வன்மேற்கு என்று ஒரு காலம்

என் வயதுக்காரர்களுக்கு வைல்ட் வெஸ்ட் வந்து சேர்ந்தது சிவகாசி வழியாக. லயன், முத்து காமிக்ஸ் பக்கங்களில் டெக்ஸ் வில்லர் குதிரையில் வந்தார். அவரைப் படைத்தவர்கள் இத்தாலியர்கள். தன் நிழலைவிட வேகமாகச் சுடும் லக்கி லூக்கைப் பெற்றது பெல்ஜியம். கேப்டன் டைகர் என்று நாம் பெயர் சூட்டிக்கொண்ட ப்ளூபெர்ரி பிறந்த மொழி பிரெஞ்சு. திரையில் கிளின்ட் ஈஸ்ட்வுட் சுருட்டைக் கடித்தபடி நின்ற பொட்டல் ஸ்பெயினின் அல்மேரியாவில் இருக்கிறது. ஜெய்சங்கர் அகலத் தொப்பியோடு 1972-இல் 'கங்கா'வில் வந்தபோது அதில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. அந்த மேற்குக்கு ஊர் தேவைப்படவில்லை. ஒரு சலூன், ஒரு ஷெரீப், கம்பத்தில் கட்டிய குதிரை, குன்றின் மேல் வரிசையாகத் தோன்றும் செவ்விந்தியர்கள். இவை போதும். காமிக்ஸ் வாசகர்கள் இதற்கு 'வன்மேற்கு' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர். ஏன் நல்ல பெயர் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்தச் சொல் கதையைவிட்டு வெளியே வந்து வேறு வேலைகள் பார்க்கிறது. கிரிப்டோ நாணயச் சந்தையா, வைல்ட் வெஸ்ட். செயற்கை நுண்ணறிவா, வைல்ட் வெஸ்ட். ஆழ்கடல் சுரங்கம், விண்வெளி, இணையச் சூதாட்டம் எல்லாமே அதுதான். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் தலைவராக இருந்த கேரி ஜென்ஸ்லர் 2021 ஆகஸ்டில் கிரிப்டோவைப் பற்றி இப்படித்தான் சொன்னார். சொல்பவர்கள் மனதில் ஓடும் கதை ஒன்றே: அங்கே இன்னும் சட்டம் வரவில்லை, வரும்வரை வல்லவன் வகுத்ததுதான் வாய்க்கால், ஒருநாள் ஷெரீப் வருவார், பள்ளிக்கூடம் வரும், ரயில் வரும், எல்லாம் ஒழுங்காகிவிடும். குறை சொல்லப்படுவது காலத்தின் மேல்தான், ஆட்களின் மேல் அல்ல. 'அந்தக் காலம் அப்படி.'

நிஜமான மேற்கில் இந்தக் கதை நடக்கவில்லை. சட்டம் அங்கே ஆரம்பத்திலிருந்தே இருந்தது. எழுதப்பட்டு, கையெழுத்தாகி, வாஷிங்டனில் பத்திரமாக இருந்தது. யாரிடம் அதைக் காட்டுவது, யாரிடம் காட்டாமல் விடுவது என்பதில்தான் எல்லாம் நடந்தது.

சொல் எப்படி ஊரெங்கும் பரவியது என்பதிலிருந்தே இதைப் பார்க்கலாம். அதைப் பரப்பியதில் பெரும்பங்கு ஒரு நிகழ்ச்சிக்காரருடையது. வில்லியம் கோடி, 1846-இல் அயோவாவில் பிறந்தவர். எருமை வேட்டைக்காரர், ராணுவத்துக்கு வழிகாட்டி. 1869-இலேயே நெட் பண்ட்லைன் என்ற மலிவுக்கதை எழுத்தாளர் அவரை 'பஃபலோ பில்' என்ற நாயகனாக்கிவிட்டார். 1883-இல் நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் கோடி தன் திறந்தவெளி நிகழ்ச்சியைத் தொடங்கினார். பெயர், 'பஃபலோ பில்லின் வைல்ட் வெஸ்ட்'. 'காட்சி' என்ற சொல்லைப் பெயரில் சேர்க்க அவர் விரும்பவில்லை. தான் காட்டுவது நடிப்பல்ல, அசல் என்பது அவருடைய வியாபார வாக்கு. அசலான டெட்வுட் கோச் வண்டி, அசலான மாடு மேய்ப்பர்கள், அசலான லகோட்டாப் பூர்வகுடி வீரர்கள். 1885-இல் லகோட்டாத் தலைவர் சிட்டிங் புல்லே சில மாதங்கள் அந்த வட்டத்துக்குள் குதிரையில் வலம் வந்தார். 1887-இல் லண்டனில் விக்டோரியா ராணி பார்த்தார்.

கோடியின் வாழ்க்கையில் அசலுக்கும் நடிப்புக்கும் இடையிலான வேலி முன்பே விழுந்துவிட்டது. 1876 ஜூலையில், அமெரிக்கத் தளபதி கஸ்டரின் படை லிட்டில் பிக்ஹார்ன் போரில் அழிந்து மூன்று வாரம் கழிந்த நிலையில், வார்பானட் ஓடையருகே ஒரு மோதல். அங்கே கோடி, யெல்லோ ஹேர் என்ற செயென் வீரரைக் கொன்று தலைத்தோலை உரித்தார். அப்போது அவர் உடுத்தியிருந்தது நாடக உடை, கறுப்பு வெல்வெட். சில மாதங்களில் அந்தக் கொலையையே நாடகமாக்கி மேடைமேடையாக நடித்தார். போர்க்களத்துக்குப் போகும்போதே மேடைக்கான உடையில் போன ஆளை என்னவென்று சொல்வது? நம்மூர் அரசியலில் இதற்கு நிகராக யாரையாவது சொல்லலாம், வேண்டாம்.

அதே 1883-இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்க உள்துறை 'இந்தியக் குற்றங்கள்' என்று ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. பூர்வகுடிகளுக்கென அரசு ஒதுக்கிய ஒதுக்கீட்டு நிலங்களில் சூரிய நடனம் முதலான சடங்குகள் அதன்படி தண்டனைக்குரியவை. ஆக, ஒரு லகோட்டா பைன் ரிட்ஜ் ஒதுக்கீட்டு நிலத்தில் தன் வீட்டருகே ஆடினால் ரேஷன் நிற்கும், சிறை கிடைக்கும். கோடியின் வட்டத்துக்குள் ஆடினால் சம்பளம் கிடைக்கும். சட்டத்தின் காவல் அதிகமாக இருந்த இடம் ஒதுக்கீட்டு நிலம். 'காட்டுத்தனம்' சீட்டுக் கிழித்துப் பார்க்க வேண்டிய பொருளாகக் கிடைத்த இடம் நிகழ்ச்சிக் கூடாரம். லகோட்டாக்கள் பலர் கோடியிடம் விரும்பித்தான் போனார்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியேற முடியாத நிலத்திலிருந்து பாரிஸ்வரை போய்வர அதுவே வழியாக இருந்தது. 1890 டிசம்பரில் வூண்டட் நீயில் ராணுவம் லகோட்டாக்களைப் படுகொலை செய்தது. அதன்பின், பேய் நடனம் என்ற சடங்கு ஆடியதற்காகச் சிறைப்பட்டவர்களில் சிலரை அரசு விடுவித்ததும் கோடியோடு ஐரோப்பா போவதற்காகத்தான். ஆடியதற்காகப் பிடித்தார்கள், ஆடிக்காட்ட விட்டார்கள்.

1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி. கண்காட்சிக்குள் இடம் கிடைக்காததால் கோடி பக்கத்திலேயே நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்துக் கூட்டத்தை அள்ளிக்கொண்டிருந்தார். அந்த ஜூலை 12-ஆம் தேதி, அதே நகரில் நடந்த வரலாற்றாசிரியர்கள் கூட்டத்தில் ஃபிரடெரிக் ஜாக்சன் டர்னர் என்ற இளம் பேராசிரியர் ஒரு கட்டுரை படித்தார். எல்லைப்புறம் என்று கோடு போட்டுக் காட்ட இனி ஒன்றும் மிச்சமில்லை என்று 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்லியிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, அமெரிக்கக் குணத்தையும் மக்களாட்சியையும் உருவாக்கியதே மேற்கின் கேட்பாரற்ற நிலம்தான் என்றார் டர்னர். கோடியின் மேற்கில் எப்போதும் யாரோ ஒரு குடியேறியின் குடிசையை இந்தியர்கள் தாக்குவார்கள், குதிரைப்படை வந்து காக்கும். டர்னரின் மேற்கில் தாக்கவும் ஆளில்லை. நிலம் காலியாகக் கிடந்தது. ஒன்று, வந்தவனைத் தற்காத்துக்கொள்பவனாக்கியது. மற்றது, இருந்தவனை இல்லாதவனாக்கியது. இந்த இரண்டையும் சேர்த்து முறுக்கியதுதான் இன்று நாம் சாதாரணமாக வீசும் அந்தச் சொல்.

துப்பாக்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. டாட்ஜ் சிட்டியில் நுழையும்போதே ஆயுதம் ஏந்தத் தடை என்று பலகை இருந்தது. 1881 அக்டோபர் 26-இல் டூம்ஸ்டோனில் நடந்த ஓ.கே. கோரல் சண்டை அரை நிமிடம்தான் நீடித்தது. மூன்று பேர் செத்தார்கள். அந்தச் சண்டைக்கு உடனடிக் காரணமே ஊருக்குள் ஆயுதம் கூடாது என்ற நகராட்சி விதிதான். மாட்டுச் சந்தை ஊர்கள் ஐந்தில் 1870 முதல் 1885 வரை நடந்த கொலைகள் மொத்தம் 45 என்று ராபர்ட் டிக்ஸ்ட்ரா 1968-இல் எண்ணிக் காட்டினார். அந்த ஊர்களின் சிறிய மக்கள்தொகையோடு வகுத்தால் அது குறைவான எண் அல்ல என்று பிறகு வந்தவர்கள் மறுத்தார்கள். இந்த வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. எனக்கு இரண்டு தரப்பிலும் ஒரே குறைதான் தெரிகிறது: இருவரும் சலூன் வாசலில் விழுந்தவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். கொலராடோவின் சாண்ட் கிரீக்கில் 1864 நவம்பர் 29 காலை கர்னல் சிவிங்டனின் படை கொன்ற செயென், அரபாஹோ மக்கள் 150-க்குக் குறையாதவர்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அவர்களுடைய முகாமில் அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. கொன்றவர்கள் சீருடை அணிந்த அரசுப் படை. அதனால் 'வைல்ட்' கணக்கில் அது சேர்வதில்லை.

இனி டெட்வுட் என்ற தங்கச் சுரங்க ஊர்.

1868-இல் லாரமி கோட்டையில் அமெரிக்க அரசு லகோட்டாக்களோடு ஒப்பந்தம் செய்தது. இன்றைய தெற்கு டகோட்டாவின் மேற்குப் பாதி, கருங்குன்றுகள் உட்பட, அவர்களுடையது. அனுமதியில்லாத வெள்ளையர் உள்ளே வரக்கூடாது. இனி நிலம் விட்டுக்கொடுப்பதென்றால் வயதுவந்த ஆண்களில் நான்கில் மூன்று பங்கினர் கையெழுத்திட வேண்டும். 1874-இல் கஸ்டர் தலைமையில் போன படை அந்தக் குன்றுகளில் தங்கம் கண்டது. சுரங்கக்காரர்கள் புகுந்தார்கள். முதலில் ராணுவம் அவர்களைத் துரத்தியது. சட்டம் அப்படித்தானே சொல்கிறது. 1875 நவம்பரில் அதிபர் கிராண்ட் வெள்ளை மாளிகையில் சிலரைக் கூட்டிவைத்து முடிவெடுத்தார். தடை ஏட்டில் இருக்கும், ஆனால் ராணுவம் இனி யாரையும் தடுக்காது. வெளியே அறிவிக்கவில்லை. சட்டம் ஒழிந்த நாள் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். அது எல்லைப்புறத்தில் நடக்கவில்லை, தலைநகரில் நடந்தது.

1876-இல் டெட்வுட் முளைத்தது. அதைச் சட்டமில்லா ஊர் என்று சொல்லாத புத்தகம் இல்லை. சூதாட்டம், சலூன், துப்பாக்கி எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த ஊரின் முதல் சட்டமீறல் அந்த ஊரேதான். அடுத்தவர் நிலத்தில் நின்றுகொண்டிருந்தது.

ஆகஸ்ட் 2 அன்று அங்கே வைல்ட் பில் ஹிக்காக் சீட்டாடிக்கொண்டிருந்தார். அபிலீன் ஊரின் முன்னாள் மார்ஷல், கொஞ்ச காலம் கோடியின் நாடகக் குழுவிலும் நடித்தவர். ஜாக் மெக்கால் என்பவன் பின்னாலிருந்து சுட்டுக் கொன்றான். சுரங்கக்காரர்கள் கூடி ஒரு ஜூரி அமைத்தார்கள். தன் சகோதரனை ஹிக்காக் கொன்றதற்குப் பழி வாங்கினேன் என்றான் மெக்கால். விடுதலை. வயோமிங்குக்குப் போய் வாயடித்துக்கொண்டிருந்தவனை லாரமியில் பிடித்து, டகோட்டா பிரதேசத்தின் தலைநகரான யாங்க்டனில் மறுபடி நிறுத்தினார்கள். ஒரே குற்றத்துக்கு இருமுறை விசாரிக்கலாமா? விசாரிக்கலாம் என்றார்கள். டெட்வுட் இருப்பது ஒப்பந்தப்படி இந்தியர் நிலம். அங்கே சட்டபூர்வமாக எந்த நீதிமன்றமும் இருக்க முடியாது. ஆகவே அந்த முதல் விசாரணை விசாரணையே அல்ல.

ஆக, 1868 ஒப்பந்தம் உயிரோடுதான் இருந்திருக்கிறது. ஒரு கொலைகாரனைத் தூக்கில் போட அது பயன்பட்டது. அதே நிலத்தில் நின்ற ஆயிரக்கணக்கானவர்களை வெளியேற்ற மட்டும் பயன்படவில்லை.

அந்த மாதங்களில் வாஷிங்டன் சும்மா இருக்கவில்லை. குன்றுகளைத் தராதவரை ரேஷன் இல்லை என்று நாடாளுமன்றம் லகோட்டாக்களுக்கு நிபந்தனை போட்டது. எருமைகள் அழிந்துகொண்டிருந்தன. அந்தப் பசியிலும் கையெழுத்திட்டவர்கள் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர். தேவை நான்கில் மூன்று. போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். கருங்குன்றுகளைப் பறிக்கும் சட்டம் 1877 பிப்ரவரி 28-இல் நிறைவேறியது. மறுநாள், மார்ச் 1-இல், ஜாக் மெக்கால் யாங்க்டனில் தூக்கிலிடப்பட்டான். ஒப்பந்தத்தைச் சொல்லித் தண்டிக்கப்பட்டவன் சாகும்போது அந்த ஒப்பந்தத்தின் உள்ளிருந்து குன்றுகள் போய் ஒருநாள் ஆகியிருந்தது. இதை ஒரு நாவலில் எழுதினால் பதிப்பாசிரியர் அடித்துவிடுவார்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல், அந்தப் பறிப்புக்கு நியாயமான இழப்பீடு தரப்படவில்லை என்று ஒப்புக்கொண்டு, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் தரும்படி தீர்ப்பை உறுதி செய்தது. லகோட்டாக்கள் அந்தப் பணத்தைத் தொடவில்லை. குன்றுகள் விற்பனைக்கு அல்ல என்பது பதில். கருவூலத்தில் வட்டி ஏறி ஏறி அது இப்போது 100 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வைல்ட் வெஸ்ட் முடிந்துபோன காலம் என்று எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை எந்தக் காலத்தில் வைப்பார்கள்?

பூர்வகுடிகளுக்கு மட்டும்தான் இப்படி என்று சொல்ல முடியாது. வயோமிங்கில் 1892 ஏப்ரலில் பெரும் மாட்டுப்பண்ணை முதலாளிகள், கொல்ல வேண்டியவர்கள் பட்டியலோடு டெக்சாஸ் துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்குப் பிடித்து ஜான்சன் மாவட்டத்துக்குள் படையெடுத்தார்கள். பட்டியலில் இருந்தவர்கள் சிறு மாட்டுக்காரர்கள். அவர்கள் மேல் சொன்ன குற்றம், மாட்டுத் திருட்டு. நேட் சாம்பியன் என்பவரைக் கொன்றார்கள். ஊர் திரண்டு படையெடுத்தவர்களை ஒரு பண்ணையில் வளைத்துக்கொண்டது. அப்போது குதிரைப்படை வந்தது, சினிமாவில் வருவது போலவே. அதிபர் ஹாரிசன் அனுப்பிய அந்தப் படை காப்பாற்றியது முதலாளிகளை. வழக்கு நடத்த மாவட்டத்திடம் காசில்லை. எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து 1902-இல், ஹார்வர்டில் படித்த ஓவன் விஸ்டர் 'தி வர்ஜீனியன்' நாவலை எழுதினார். பின்னால் வந்த அத்தனை கௌபாய் நாயகர்களுக்கும் அச்சு அதுதான். அதில் நாயகன் மாட்டுத் திருடர்களை, தன் நண்பன் உட்பட, தூக்கில் போடுகிறான். அங்கே நீதிமன்றம் செயல்படாததால் மக்களே சட்டத்தைக் கையிலெடுத்தார்கள் என்று நாவலுக்குள் ஒரு நீதிபதியே விளக்கம் சொல்கிறார். முதலாளிகள் தரப்பு வாதம் அப்படியே நாயகனின் மனச்சாட்சி ஆகிவிட்டது. நல்ல நாவல்தான், படித்தால் கீழே வைக்க மனம் வராது. அதுதான் சிக்கல்.

அதே வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 1885-இல் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் பட்டப்பகலில் கொல்லப்பட்டார்கள். கைதானவர்கள் மேல் குற்றம் சாட்டவே ஜூரி மறுத்துவிட்டது. நீதிமன்றம் இருந்தது, ஜூரி கூடியது, முறைப்படி முடிந்தது.

லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற லகோட்டா எழுத்தாளர் 1933-இல் வெளிவந்த தன் நூலில், அந்தச் சமவெளியும் மலையும் ஓடையும் தங்களுக்கு ஒருபோதும் 'காடு' ஆக இருந்ததில்லை என்றும், கிழக்கிலிருந்து வந்தவர்கள் கொடுமையோடு வந்த பிறகுதான் மேற்கு 'வைல்ட்' ஆனது என்றும் எழுதினார். கார்லைல் உறைவிடப் பள்ளியில் தலைமுடி வெட்டப்பட்டுப் படித்தவர். கோடியோடு இங்கிலாந்து போனவர். பிறகு ஹாலிவுட்டில் நடித்தவர். அந்தச் சொல்லின் உள்ளே புகுந்து வேலை பார்த்து வெளியே வந்தவர் சொல்வது இது. நம் காமிக்ஸ் பெயரை நான் மெச்சியதும் இதனால்தான். 'வன்மேற்கு' என்பதில் வனம் இல்லை, வன்கவர்தல் இருக்கிறது. யாரும் யோசித்து வைத்த பொருள் அல்ல அது என்றே நினைக்கிறேன். ஆனாலும் ஆங்கிலச் சொல்லைவிட அது உண்மைக்குக் கிட்டே நிற்கிறது.

இணையத்தை எல்லைப்புறம் என்று அழைத்து அந்த உருவகத்துக்குப் புது வாழ்வு கொடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் பெரி பார்லோ. அவரும் வயோமிங்காரர், நிஜமாகவே மாட்டுப்பண்ணை நடத்தியவர். எல்லைப்புறம் முடிந்தது என்று காட்டிய 1890 கணக்கெடுப்புக்குச் சரியாக 100 வருடம் கழித்து, 1990-இல், எலெக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பை நண்பர்களோடு தொடங்கினார். 1996-இல் தாவோஸிலிருந்து, உங்கள் சட்டம் இங்கே செல்லாது என்று உலக அரசுகளுக்கு இணையத்தின் சார்பாக ஒரு சுதந்திரப் பிரகடனம் எழுதி அனுப்பினார். பார்லோவின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. அரசு மூக்கை நுழைத்தால் பேச்சுரிமை போகும் என்ற அவருடைய பயம் வீண்பயம் அல்ல. அந்த அமைப்பு இன்றும் அதற்காக வழக்காடுகிறது. ஆனால் காலியான நிலம் என்ற டர்னரின் படம் அவர் வழியே திரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. காலி நிலம் என்றால் முதலில் வேலி போட்டவனுக்குச் சொந்தம். எழுத்தாளர்களின் புத்தகங்களையும் ஓவியர்களின் படங்களையும் கேட்காமல் அள்ளிக்கொண்ட நிறுவனங்கள் 'இது புதிய துறை, விதிகள் இன்னும் வரவில்லை' என்று பேசும்போது கேட்பது அந்தக் குரல்தான். பதிப்புரிமைச் சட்டம் அவர்கள் வரும்போதே இருந்தது. அது அவர்கள் மேல் செல்லுமா என்பதைத்தான் இப்போது நீதிமன்றங்களில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கிரிப்டோவில் ஒரு வழக்கில் தீர்ப்பே வந்துவிட்டது. எஃப்டிஎக்ஸ் என்ற சந்தை 2022 நவம்பரில் சரிந்தபோது, வாடிக்கையாளர்கள் போட்ட பணம் பல நூறு கோடி டாலர் அங்கே இல்லை. சட்டமில்லாத துறையில் இறங்கினால் இப்படித்தான் என்று பத்திரிகைகள் எழுதின. வைல்ட் வெஸ்ட் என்ற சொல் அந்த வாரங்களில் எத்தனை தலைப்புகளில் வந்தது என்பதற்குக் கணக்கில்லை. நிறுவனர் சாம் பேங்க்மன்-ஃபிரைட் மேல் நியூயார்க்கில் சாட்டப்பட்ட குற்றங்களில் முதன்மையானது, கம்பிவழிச் செய்தி மூலம் மோசடி. அந்தச் சட்டம் 1952-இல் வானொலியையும் தொலைக்காட்சியையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. அடுத்தவர் பணத்தைப் பொய் சொல்லி வாங்கிச் செலவழித்தானா என்பதுதான் அதில் கேள்வி. 2023 நவம்பரில் ஜூரி சில மணி நேரத்தில் ஆம் என்று சொல்லிவிட்டது. தண்டனை 25 வருடம். எதற்கும் புதிய சட்டம் தேவைப்படவில்லை.